இஞ்சி ஊரில் நின்றது, சுக்கு கப்பல் ஏறியது

மஞ்சக்குட்டையில் பனி இறங்க ஆரம்பித்துவிட்டால் நம் பிளாக்குகளில் இரண்டு சத்தம் கேட்கும். ஒன்று தும்மல். இன்னொன்று அம்மியிலோ சின்ன உரலிலோ இஞ்சி தட்டுகிற சத்தம். என் பால்கனித் தொட்டியில் இஞ்சி இருப்பது தெரிந்து, போன மார்கழியில் மட்டும் ஏழெட்டு வீட்டார் கதவைத் தட்டினீர்கள். அந்த இஞ்சியின் பழைய கணக்கைக் கொஞ்சம் புரட்டிப் பார்க்கலாம் என்று இதை எழுதுகிறேன். நான் பி.காம். படித்து வங்கியில் கிளார்க்காக இருந்தவன். வரலாறு என் பாடம் அல்ல, ஆனால் பழைய லெட்ஜர் படிக்கத் தெரியும்.

முதல் பதிவு நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. சேலத்திலிருந்து அரூர், ஊத்தங்கரை வழியாகத் திருவண்ணாமலை போகும்போது செங்கம் வருமே, அந்த ஊரை ஆண்ட நன்னனைப் பற்றிய பாட்டுதான் பத்துப்பாட்டில் கடைசியாக வரும் மலைபடுகடாம். நன்னனிடம் பரிசில் வாங்கப் போகும் கூத்தர்களுக்கு மலைவழி சொல்லும் பாட்டு அது. வழியில் என்னென்ன விளைந்திருக்கும் என்று சொல்லிக்கொண்டே வரும்போது, இஞ்சி காரமேறி முற்றியிருப்பதையும் அதில் சொல்கிறார்கள். பட்டினப்பாலையிலும் சோழநாட்டு விளைச்சலில் மஞ்சள், சேம்போடு இஞ்சி வருகிறது.

இனி கடல் தாண்டிப் பார்ப்போம். ரோமாபுரியைச் சேர்ந்த பிளினி கி.பி. முதல் நூற்றாண்டில் சரக்குகளின் விலையை எழுதி வைத்தார். ஒரு ராத்தல் கருமிளகு 4 தெனாரியஸ், இஞ்சி 6 தெனாரியஸ். மிளகை விட இஞ்சிதான் விலை அதிகம்! ஆனால் அது அரேபியாவில் விளைவதாக எழுதிவிட்டார். விற்றவர்கள் இருந்த இடத்தையே விளைந்த இடம் என்று நினைத்துவிட்டார் போலிருக்கிறது.

ஒன்றைக் கவனியுங்கள். பருவக்காற்றுக்குக் காத்திருந்து மாதக்கணக்கில் போகிற கப்பலில் பச்சை இஞ்சி தாங்காது. அழுகும், இல்லை முளைவிடும். அதனால் தூர தேசத்துக்குப் பெரும்பாலும் போனது காய்ந்த சுக்குதான். 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் மார்க்கோ போலோ கொல்லத்து இஞ்சியைப் புகழ்ந்து எழுதினார். ஐரோப்பிய வியாபாரிகள் அந்தச் சரக்கைக் கொல்லத்தின் பெயரை வைத்தே அழைத்தார்கள்.

பெயரும் நம்முடையதுதான் என்று மொழியறிஞர் பலர் சொல்கிறார்கள். ‘இஞ்சி வேர்’ என்பது வடமொழியில் ‘சிருங்கவேர’ ஆகி, கிரேக்கத்தில் ‘சிங்கிபெரிஸ்’ ஆகி, ஆங்கிலத்தில் ‘ஜிஞ்சர்’ ஆனது. 1807இல் இந்தச் செடிக்கு ‘சிங்கிபர் அபிசினேல்’ என்று இன்றைய தாவரவியல் பெயரை வைத்தவர் லிவர்பூலைச் சேர்ந்த வில்லியம் ரோஸ்கோ. அவர் ஒரு வங்கியாளர் என்று படித்தபோது எனக்கு ஒரு சின்னப் பெருமை. பாவம், பின்னாளில் அவர் வங்கி நொடித்துப் போனது.

வாங்கித் தின்ற ஆங்கிலேயருக்குப் பச்சைக்கும் காய்ந்ததற்கும் ஒரே பெயர்தான். விளைவித்த நாமோ இஞ்சி, சுக்கு என்று இரண்டு பெயர் வைத்தோம். வேதியியலும் இதை ஒப்புக்கொள்கிறது. பச்சை இஞ்சியின் காரத்துக்கு ஜிஞ்சரால் என்று பெயர். காயும்போது அதில் ஒரு பகுதி, இன்னும் உறைப்பான ஷோகால் என்னும் பொருளாக மாறுகிறது. ஷோகா என்றால் ஜப்பானிய மொழியில் இஞ்சி. சுக்கு, மிளகு, திப்பிலி சேர்ந்தால் திரிகடுகம். 2020இல் கொரோனாவின்போது நம் வீடுகளுக்கு வந்த கபசுரக் குடிநீரிலும் சுக்குதான் சேர்ந்திருந்தது, பச்சை இஞ்சி அல்ல. பச்சை இஞ்சி வைத்தியம் என்பது, கொல்லையில் இஞ்சி வைத்திருந்தவர்களின் வைத்தியம்.

அதில் சத்து இருக்கிறதா? 2013இல் தைவான் ஆய்வாளர்கள் சுவாசப்பாதைச் செல்களில், சளி உண்டாக்கும் ஒரு வைரஸை வைத்துச் சோதித்தார்கள். பச்சை இஞ்சிச் சாறு அதைத் தடுத்தது, சுக்கு தடுக்கவில்லை. ஆனால் அது ஆய்வகத்துச் செல்களில் நடந்தது. நம் தொண்டையில் நடந்தது அல்ல. வரவை எழுதும்போது இதையும் சேர்த்துத்தான் எழுத வேண்டும்.

செலவுப் பக்கத்தை நானே பட்டுத் தெரிந்துகொண்டேன். போன மார்கழியில் சளி பிடித்தது. தினமும் இரண்டு வேளை இஞ்சிச் சாறு. தொண்டைக்கு இதம், மூக்கும் விட்டது, அதனால் தெம்பாகவே இருந்தேன். காய்ச்சல் மட்டும் விட்டு விட்டு வந்தது. எட்டாம் நாள் மூச்சு வாங்கியதும் மகன் காரில் ஏற்றி, இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி சேலத்துக்குக் கொண்டுபோனான். நிமோனியா. ஐந்து நாள் படுக்கை. “இஞ்சி குடித்தது தப்பில்லை சார், எட்டு நாள் அதை மட்டுமே நம்பியதுதான் தப்பு” என்றார் டாக்டர்.

அப்போதுதான் எங்கள் அப்பாயி சொன்னது நினைவுக்கு வந்தது: “மூணு நாள் இஞ்சி, நாலாம் நாள் வைத்தியர்.” வைத்தியத்தை மட்டும் ஞாபகம் வைத்துக்கொண்டு, அதன் கெடுவை மறந்துவிட்டேன்.

அப்பாயியின் பக்குவம் இது. தோலைச் சுரண்டிவிட்டு இஞ்சியைத் தட்டிப் பிழிந்து, சாற்றைக் கால் மணி நேரம் அசையாமல் வையுங்கள். அடியில் வெள்ளையாக மாவு தங்கும், அதை விட்டுவிட்டு மேலே தெளிந்ததை மட்டும் ஒரு ஸ்பூன் எடுத்து, தேன் சேர்த்து வெந்நீரில் கலந்து குடியுங்கள். ஒரு வயது ஆகாத குழந்தைக்குத் தேன் கூடவே கூடாது. இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடும் பெரியவர்கள் டாக்டரைக் கேட்டுவிட்டுக் குடியுங்கள்.

இந்த வருஷமும் தொட்டியில் இஞ்சி இருக்கிறது. தயங்காமல் வந்து வாங்கிக்கொள்ளுங்கள். ஆனால் அதே சளிக்கு நாலாம் நாளும் கதவைத் தட்டினால் இஞ்சி தரமாட்டேன். சேலத்துக்குப் போகச் சொல்லுவேன், கோபித்துக்கொள்ள வேண்டாம்.