சீமைக் கருவேலமும் சோதனை நிலங்களும்

காஞ்சிபுரம் வட்டாரத்தில் வல்லக்கோட்டை, ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பகுதிகளின் ஏரிக்கரைகளிலும் தொழிற்பேட்டைகளுக்கு இடையே கிடக்கும் தரிசுகளிலும் மண்டியிருக்கும் சீமைக் கருவேலம், நடு அமெரிக்காவையும் தென் அமெரிக்காவின் வடபகுதியையும் தாயகமாகக் கொண்ட, அவரைக் குடும்பத்து வறள்நில மரமாகும். வேர்முடிச்சுகளில் தங்கும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள நைட்ரஜனை ஊட்டமாக மாற்றித் தருவதால் சத்தற்ற மண்ணிலும் அது வளரும். இவ்வினத்தோடு சேர்த்து எண்ணப்பட்ட ஒரு மரத்தின் வேர், அமெரிக்காவின் அரிசோனாவில் சுரங்கம் தோண்டியபோது ஏறத்தாழ 53 மீட்டர் ஆழத்தில் காணப்பட்டது.

இம்மரத்தைத் தமிழகத்துக்குக் கொண்டுவந்தவர் காமராசர் என்பது பரவலான நம்பிக்கை. ஆனால் அவர் பிறந்தது 1903இல். மரமோ அதற்குக் கால் நூற்றாண்டு முன்பே சென்னை மாகாணத்து மண்ணில் வேரூன்றிவிட்டது. மாகாண வனத்துறையின் உயரதிகாரியாக இருந்தவரும், தென்னிந்தியத் தாவரங்களையும் ஊர்வனவற்றையும் ஆராய்ந்து பெயர்பெற்றவருமான பெடோம், வறண்ட மாவட்டங்களில் நடுவதற்கு இம்மரத்தின் விதைகளைத் தருவித்துத் தருமாறு 1876இல் வருவாய்த் துறைக்கு எழுதினார். ஜமைக்காவிலிருந்து வந்த விதைகள் 1877இல் கடப்பை மாவட்டத்துக் கமலாபுரத்தில் ஊன்றப்பட்டன. மாகாணத்தைப் பெரும்பஞ்சம் வாட்டிய ஆண்டுகள் அவை. ரயில் எஞ்சின்களும் அடுப்புகளும் காடுகளை விறகாக விழுங்கிக்கொண்டிருந்த காலமும் அதுவே. ஆகவே புதிய மரத்திடம் எதிர்பார்க்கப்பட்டவை இரண்டுதான்: மழையின்றிப் பிழைக்க வேண்டும், விரைவில் விறகாக வேண்டும்.

பிற்காலத்தில் வறள்நிலத்துக்கு ஏற்ற மரங்களைத் தேர்ந்தெடுக்கும் இந்தப் பணி முறைப்படுத்தப்பட்டது. 1952இல் ஜோத்பூரில் தொடங்கப்பட்ட பாலைவனக் காடு வளர்ப்பு நிலையம், 1959இல் மத்திய வறண்ட மண்டல ஆராய்ச்சி நிறுவனமாக உருப்பெற்றது. இத்தகைய நிலையங்களின் களச்சோதனையில் பல இனக் கன்றுகள் சமமான பாத்திகளில் நடப்படும். மண்ணின் வேறுபாடு முடிவைத் திரித்துவிடாதிருக்க எந்தக் கன்று எந்தப் பாத்திக்கு என்பது குலுக்கல் முறையில் தீர்மானிக்கப்படும். பின்னர் குறித்த மாதங்களில் எத்தனை கன்றுகள் உயிரோடுள்ளன என்ற பிழைப்பு வீதமும், உயரமும், தரையை ஒட்டிய தண்டின் பருமனான அடிவிட்டமும் பதியப்படும். 1969இல் நிறுவப்பட்ட கர்னால் உவர்மண் ஆராய்ச்சி நிறுவனம், களர் நிலத்தின் இறுகிய சுண்ணாம்பு அடுக்கைத் துளையிட்டு, துளையில் ஜிப்சமும் தொழுவுரமும் கலந்த மண்ணை நிரப்பிக் கன்று நடும் முறையை வகுத்தது. பிற மரங்கள் பட்டுப்போகும் களரிலும் சீமைக் கருவேலம் தழைத்தது.

எழுப்பிய வினாவுக்கு இச்சோதனைகள் சரியான விடையையே தந்தன; குறை வினாவில்தான் இருந்தது. பாத்திக்குள் நிற்கும் மரத்தை அளக்கும் ஏட்டில், பாத்தியைத் தாண்டிப் போகும் விதைக்கு இடமில்லை. இதன் இலையை ஆடுமாடுகள் பெரும்பாலும் ஒதுக்குகின்றன. இனிப்பான காய்களையோ விரும்பித் தின்கின்றன. கடினத் தோல் கொண்ட விதை குடலைக் கடக்கையில் தோல் இளகி, சாணத்தோடு விழுந்த இடத்தில் எளிதில் முளைக்கிறது. பாலை நிலத்தில் நீர்ப்பற்றாக்குறை இப்பரவலுக்கு ஓரளவு கடிவாளமிடும். ஆண்டுக்கு ஏறத்தாழ 1200 மில்லிமீட்டர் மழை பெறும் காஞ்சிபுரம் வட்டாரத்திலோ அக்கடிவாளம் இல்லை. மழைக்குப் பின் நீர் வடிந்து ஈரம் தங்கும் ஏரிப் படுகையும், மாடுகள் மேயும் நீர்ப்பிடிப்பும் அதற்கு வாய்த்த இடங்களாயின. கடப்பையிலும் ஜோத்பூரிலும் தேறியது இங்கே எப்படி நடந்துகொள்ளும் என்பது தனியே கேட்கப்பட்டிருக்க வேண்டிய வினா.

ஆயினும் பெடோமின் நோக்கம் பொய்த்துவிட்டது என்று சொல்வதற்கில்லை. இராமநாதபுரம், சிவகங்கை மாவட்டங்களில் மழை பொய்த்து வேளாண்மை கைவிட்ட குடும்பங்களுக்குக் கரிமூட்டம் போடும் தொழிலைத் தந்தது இம்மரமே. வெட்டிய கட்டை மீண்டும் துளிர்ப்பதால் சில ஆண்டுகளில் அடுத்த வெட்டுக்கு ஆயத்தமாகிறது. மரத்தை ஒழிக்க முனைவோருக்கு அதே துளிர்ப்புதான் தலைவலி. 2017இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை இதை அகற்றுமாறு உத்தரவிட்டது. அதே ஆண்டில் அப்பணிக்குத் தடையும் வந்தது. 2022இல் தமிழ்நாடு அரசு அயல் ஊடுருவல் தாவரங்களுக்கான கொள்கையை வெளியிட்டது. ஆனால் அகற்றுவது எளிதன்று: மரத்தை மேலே வெட்டினால் போதாது, தூரோடு பெயர்த்தெடுக்க வேண்டும். பெயர்த்த பின்னும் மண்ணில் புதைந்த விதைகள் அடுத்தடுத்த மழைகளில் முளைப்பதால், ஏரியில் பொக்லைன் இறக்கும் செலவோடு, பின்வரும் ஆண்டுகளில் நாற்றுகளைப் பிடுங்கும் கூலியையும் சேர்த்தே கணக்கிட வேண்டியிருக்கிறது.