முல்லைக்கொடி வந்த வழி



நம்ம பாடி, அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்து ஊர்ப் பெயர்களைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்லிப் பாருங்கள். திருவேற்காடு என்றால் வேல மரக் காடு. பூந்தமல்லிக்குப் பழைய பெயர் பூவிருந்தவல்லி. அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் நடுவே இருப்பது திருமுல்லைவாயில். மரமும் கொடியும் பூவுமாக இருந்த சீமை இது என்பதற்கு இந்தப் பெயர்களே சாட்சி. இவற்றில் முல்லையின் வரலாற்றையும், அதை அடையாளம் கண்டு வளர்க்கும் முறையையும் இன்று பார்ப்போம்.

முல்லை நமக்கு வெளியூர்ச் செடி அல்ல. தென்னிந்தியாவும் இலங்கையும் இதற்குச் சொந்த மண். பழந்தமிழர் நிலத்தை ஐந்தாகப் பிரித்தபோது, காடும் காடு சார்ந்த இடத்துக்கும் இந்தக் கொடியின் பெயரையே வைத்தார்கள். மாடு மேய்த்து, வரகும் சாமையும் விதைத்த மானாவாரிச் சீமை அது. தண்ணீர் கட்ட வழியில்லாத புதர்க்காட்டில் தானாகப் படர்ந்து, மழை விழுந்ததும் தளிர்த்துப் பூத்த கொடி இது. கார்காலம் வந்துவிட்டது என்பதற்குப் புலவர்கள் முல்லைப் பூவை அடையாளமாகச் சொன்னது வெறும் கற்பனை அல்ல. முல்லைக்குப் புதுத் தளிரில்தான் பூ வரும். மழைக்குத் தளிர் வரும், தளிருக்குப் பின்னால் பூ வரும். அவர்கள் கண்ணால் பார்த்ததைத்தான் சொன்னார்கள்.

படரக் கொம்பில்லாமல் தவித்த முல்லைக்குப் பாரி தன் தேரை விட்டுவந்த கதை உங்களுக்குத் தெரியும். பாரியின் நண்பர் கபிலர். அவர் குறிஞ்சிப்பாட்டில் 99 பூக்களை வரிசைப்படுத்துகிறார். அதில் முல்லை தனி, மௌவல் தனி, தளவம் தனி. வெள்ளையாக மணக்கும் பூ எல்லாம் ஒன்று என்று அவர் சேர்த்துக் கட்டிவிடவில்லை. அந்தக் காலத்திலேயே இனம் பிரித்துப் பார்க்கத் தெரிந்தவர்கள் நம் முன்னோர்.

இனி நம் ஊருக்கு வருவோம். தொண்டைமான் மன்னன் படையோடு வந்தபோது அவன் யானையின் காலில் முல்லைக்கொடி சுற்றிக்கொண்டது, கொடியை வாளால் வெட்டும்போது அடியிலிருந்த லிங்கத்தின்மேல் வெட்டு விழுந்தது, அதுதான் மாசிலாமணீஸ்வரர் என்பது திருமுல்லைவாயில் தல வரலாறு. அங்கே முல்லைதான் தல விருட்சம். தொண்டைமான் யானையை முல்லைக்கொடி கட்டிய செய்தியைச் சுந்தரர் தம் தேவாரப் பதிகத்திலேயே குறிப்பிடுகிறார். ஆகவே கதை ஆயிரம் ஆண்டுக்கும் மேல் பழையது. யானையையே தடுக்கிற அளவுக்கு அந்தக் காலத்தில் இங்கே கொடி அடர்ந்திருந்தது என்று மக்கள் நினைவில் வைத்திருக்கிறார்கள், பாருங்கள்.

பூந்தமல்லியில் பிறந்த திருக்கச்சி நம்பிகள் பதினோராம் நூற்றாண்டுக்காரர், இராமாநுசருக்கு வழிகாட்டியவர். அவர் நந்தவனம் வைத்துப் பூவளர்த்துக் காஞ்சி வரதராசப் பெருமாளுக்குக் கொண்டுபோய்ச் சாத்தினார் என்பது வைணவ மரபு. காட்டிலே கிடந்த பூ தோட்டத்துக்கு வந்து, கோயிலுக்கும் கூந்தலுக்கும் போன வழி இதுதான்.

மேல்நாட்டு அறிவியல் முல்லைக்குப் பெயர் வைத்தது 1794-ல்தான். மார்ட்டின் வால் என்ற தாவரவியல் அறிஞர் ‘ஜாஸ்மினம் ஆரிகுலேட்டம்’ என்று பெயரிட்டார். ‘ஆரிகுலேட்டம்’ என்றால் சின்னக் காது உடையது. இந்தக் காதுதான் நமக்கு அடையாளம்.

“முல்லையும் மல்லியும் ஒண்ணுதானேங்க?” என்று பலர் கேட்கிறார்கள். ஒன்று அல்ல. பூவைப் பார்க்காதீர்கள், இலையைப் பாருங்கள். குண்டுமல்லிக்கு அகலமான, பளபளப்பான ஒற்றை இலை. ஜாதிமல்லிக்கு இறகு மாதிரிப் பல சிற்றிலைகள். மொட்டின் வெளிப்புறம் லேசாக இளஞ்சிவப்பு ஓடும். முல்லை இலை பார்வைக்கு ஒற்றை இலைபோல இருக்கும். ஆனால் அடியில் இரண்டு பக்கமும் காது மாதிரி இரண்டு குட்டி இலைகள் ஒட்டியிருக்கும். சில இலைகளில் காது உதிர்ந்தோ இல்லாமலோ போகலாம். அதனால் ஒரே இலையைப் பார்த்து முடிவு செய்யாமல், கிளை முழுவதும் பாருங்கள். நாற்று வாங்கும்போது பூ இருக்காது. இலைதான் சாட்சி சொல்லும்.

முல்லையை நாம் விதை போட்டு வளர்ப்பதில்லை. குச்சி வெட்டி நடுகிறோம், அல்லது பதியன் போடுகிறோம். அப்படியென்றால் உங்கள் தோட்டத்து முல்லை, உங்கள் பாட்டனார் தோட்டத்து முல்லையின் ஒரு துண்டு; அது அதற்கும் முந்திய கொடியின் துண்டு. மன்னர்கள் பேர் வாங்கினார்கள். கொடியை இத்தனை காலம் கைமாற்றிக் காப்பாற்றியது பதியன் போட்ட விவசாயிதான். ஒரு தலைமுறை விட்டுவிட்டால் அந்த ரகம் அதோடு போச்சு. 1960-களில் பாடியிலும் அம்பத்தூரிலும் தொழிற்சாலைகள் எழும்பின. 1964-ல் அம்பத்தூர் தொழிற்பேட்டை வந்தது. பிள்ளைகளுக்கு வேலை கிடைத்தது, நல்லதுதான். ஆனால் நிலம் மனையானபோது வேலியோரக் கொடியை யாரும் கணக்கில் வைக்கவில்லை.

விவசாயிகளிடம் இருந்த ரகங்களை வைத்துத்தான் கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகம் வேலை செய்தது. பாரிமுல்லை என்ற ரகம் இலையிலும் தண்டிலும் வெள்ளைக் கம்பளிபோல் படியும் சிலந்திப்பேன் தாக்குதலைத் தாங்கும். கோ 1, கோ 2 ரகங்களும் வந்தன. கோ 2, பூ பச்சை இலையாக மாறிப்போகும் நோயை ஓரளவு தாங்கும்.

நடவு முறை எளிது. வடிகால் உள்ள செம்மண் நல்லது. தண்ணீர் தேங்கினால் வேர் அழுகும். ஜூனிலிருந்து நவம்பருக்குள், செடிக்குச் செடி ஐந்தடி விட்டு, ஒரு முழக் குழியில் பத்துக் கிலோ தொழு உரம் போட்டு நடுங்கள். ஜனவரிக் கடைசியில் தரையிலிருந்து ஒன்றரை அடி விட்டுக் கவாத்து செய்யுங்கள். தொண்டைமான் ஒரு தரம் வெட்டினான். நாம் ஆண்டுதோறும் வெட்ட வேண்டும். வெட்டினால் தளிர், தளிர் வந்தால் பூ. கவாத்துக்குப் பிறகு ஒரு தடவையும் ஜூலையில் ஒரு தடவையும் உரமிடுங்கள். மொட்டை விடியற்காலையில் பறித்துவிட வேண்டும்.

பழைய தோட்டத்தை அழிக்கவோ மனை போடவோ நேர்ந்தால், அதற்கு முன்னால் முற்றியும் முற்றாததுமான தண்டில் மூன்று நான்கு கணு உள்ள குச்சிகளாகப் பத்து வெட்டிக்கொள்ளுங்கள். கிணற்றடியோ மாடித் தொட்டியோ, எங்காவது ஊன்றிவிடுங்கள். வேர் பிடித்ததில் இரண்டைப் பக்கத்து வீட்டுக்கும் கொடுங்கள். பாரியைப்போல் தேர் கொடுக்க நம்மால் ஆகாது. ஒரு கொம்பும் ஒரு குடம் தண்ணீரும் கொடுத்தால் போதும்.