பாட்டும் பெயரும்: கானாவின் ஒலிப்பதிவு வரலாறு

சாவு வீட்டு வாசலில் இரவெல்லாம் பாடப்பட்ட பாட்டு ஒலிநாடாவில் ஏறியது, திரைப்படத்தில் நுழைந்தது, பின்னர் மின்கிதார் முழங்கும் மேடைக்கு வந்து சேர்ந்தது. இவ்வரலாறு சென்னைக்கே உரியது. அப்பாட்டுக்குக் கானா என்று பெயர். ‘பாட்டு’ என்னும் பொருளுடைய இந்துஸ்தானிச் சொல்லே சென்னைத் தமிழில் ஒரு தனி இசை வகையின் பெயராக நிலைத்தது. வியாசர்பாடி, புளியந்தோப்பு, இராயபுரம், காசிமேடு போன்ற வடசென்னை உழைப்பாளர் குடியிருப்புகளில் வளர்ந்த இப்பாட்டு, நகரின் மேற்குப் புறத்துக்கும் புதிதன்று. மின்தொடர் வண்டிப் பெட்டியின் சுவரையே தாளக் கருவியாக்கி மாணவர் கானா பாடுவதை, அம்பத்தூர், ஆவடி வழியாக அரக்கோணம் செல்லும் பாதையில் பயணம் செய்வோர் நன்கறிவர். இலக்கிய வரலாற்று நூல்களில் பெரிதும் இடம் பெறாத இப்பாட்டு, ஒலிப்பதிவின் வழியே எதைப் பெற்றது, எதை இழந்தது என்பது கவிதையில் ஈடுபாடுடையோர் எண்ணிப் பார்க்க வேண்டிய ஒன்றாகும்.

கானாவின் தொன்மையான கூறு மரணக் கானா எனப்படுவது. இறந்தவரின் உடலைக் காத்து உறவினர் விழித்திருக்கும் இரவில், டோலக்கு, சட்டி, புல்புல்தாரா முதலிய கருவிகளோடு இது பாடப்படும். இறந்தவரின் பெயர், அவர் பெற்ற மக்களின் பெயர், அவர் செய்த தொழில், வாழ்ந்த தெரு ஆகியவற்றைப் பாடகர் கேட்டறிந்து, அப்போதே பாட்டில் இழைத்துவிடுவார். நிலையாமை பற்றிய பொதுக் கருத்துகளுக்கு நடுவே ஒரு தனி மனிதரின் பெயர் ஒலிக்கும்போதுதான் கூட்டம் கலங்கும். புறத்திணை இலக்கணம் கையறுநிலை என்று கூறும் துறைக்கும் இதற்கும் உள்ள உறவு வெளிப்படையானது. பாரிக்காகக் கபிலரும், அதியமானுக்காக ஔவையாரும் பாடியவை, பாடப்பட்டோரின் பெயரோடும் பாடியோரின் பெயரோடும் நமக்குக் கிடைத்துள்ளன. தெருவில் பாடப்பட்ட கையறுநிலையோ விடிந்ததும் காற்றோடு போயிற்று.

ஒலிப்பதிவு வந்தபோது இப்பாட்டின் இயல்பு மாறத் தொடங்கியது. காரணம் எளிது. சாவு வீட்டுப் பாட்டைக் கேட்பவர் இறந்தவரை அறிந்தவர். ஒலிநாடாவை விலைக்கு வாங்குபவர் யாரோ ஒருவர். முன்பின் அறியாத அவருக்கு அந்தப் பெயரால் பயனில்லை. எனவே பெயர் விலகிற்று. காதல், அறிவுரை, நகைச்சுவை ஆகிய பொதுப்பொருள்கள் அவ்விடத்தை நிரப்பின. இரவு முழுதும் நீளும் பாட்டு, சில நிமிடங்களுக்குள் அடங்க வேண்டியதாயிற்று.

இந்த மாற்றம் கானாவுக்கு மட்டும் நேர்ந்ததன்று. அமெரிக்காவின் தென் மாநிலங்களில், அடிமை வாழ்விலிருந்து விடுபட்ட கறுப்பின மக்களின் வழித்தோன்றல்கள் தம் துயரைப் பாடிய ப்ளூஸ் என்னும் இசையும் இவ்வழியே நடந்தது. 1920இல் மேமி ஸ்மித் என்னும் பாடகியின் ‘கிரேஸி ப்ளூஸ்’ இசைத்தட்டு வெளிவந்து பெருமளவில் விற்பனையானது. அதன் பிறகே இவ்விசைக்குச் சந்தை உண்டு என்பதை வணிகர் உணர்ந்தனர். அக்காலத் தட்டின் ஒரு பக்கம் ஏறத்தாழ மூன்று நிமிடமே ஓடும். ஆகவே பாட்டும் மூன்று நிமிட அளவினதாயிற்று.

அந்த ப்ளூஸ் இசை கடல் கடந்து, பின்னர் வெகுமக்கள் பாப் இசையாக உருமாறியதை ஒரே குழுவின் இசைத்தட்டுகளில் காணலாம். 1967இல் பீட்டர் கிரீன் என்னும் கிதார்க் கலைஞர் இலண்டனில் ஃபிளீட்வுட் மாக் என்னும் குழுவைத் தொடங்கினார். குழுவுக்குத் தம் பெயரை இடாமல், முரசு வாசித்த மிக் ஃபிளீட்வுட், பேஸ் கிதார் வாசித்த ஜான் மெக்வீ ஆகிய இருவரின் பெயர்களையும் இணைத்து இட்டார். மெக்வீ அப்போது குழுவில் சேர்ந்திருக்கவே இல்லை என்பது குறிப்பிடத்தக்கது. 1968இல் வெளிவந்த முதல் இசைத்தட்டில் ராபர்ட் ஜான்சன், எல்மோர் ஜேம்ஸ் ஆகிய கறுப்பினக் கலைஞர்களின் பாடல்கள் இடம்பெற்றன. ஜான்சன் 1938இலும் ஜேம்ஸ் 1963இலும் மறைந்துவிட்டனர். 1969 சனவரியில் இக்குழுவினர் சிகாகோவின் செஸ் ஒலிப்பதிவுக் கூடத்துக்கே சென்று, வில்லி டிக்சன், ஓடிஸ் ஸ்பான் முதலிய மூத்த ப்ளூஸ் கலைஞரோடு அமர்ந்து வாசித்துப் பதிவு செய்தனர். கற்றவர் தம் ஆசிரியரைத் தேடிச் சென்ற நிகழ்ச்சி அது.

1970இல் கிரீன் விலகினார். 1974இல் குழு கலிபோர்னியாவுக்கு இடம் பெயர்ந்தது. அவ்வாண்டின் இறுதியில் லிண்ட்சி பக்கிங்காமும் ஸ்டீவி நிக்ஸும் சேர்ந்தனர். 1977இல் வெளியான ‘ரூமர்ஸ்’ அமெரிக்க விற்பனைப் பட்டியலில் 31 வாரங்கள் முதலிடத்தில் நின்றது. உலகெங்கும் நான்கு கோடிக்கு மேற்பட்ட படிகள் விற்றதாகக் கணக்கிடப்படுகிறது. அவ்விசைத்தட்டு நல்ல பாட்டுகளைக் கொண்டதே, அதில் ஐயமில்லை. ஆயினும் அதை வாங்கிய கோடிக்கணக்கானோரில் எல்மோர் ஜேம்ஸின் பெயரைக் கேட்டிருந்தவர் மிகச் சிலராகவே இருந்திருப்பர். இசை வளர்ந்தது, வேரின் பெயர் மறைந்தது.

கானா திரைப்படத்துக்குள் சென்றபோதும் இதுவே நிகழ்ந்தது. 1990களில் இசையமைப்பாளர் தேவா கானா மெட்டுகளைத் தமிழகம் முழுதும் ஒலிக்கச் செய்தார். 1996இல் வெளிவந்த ‘காதல் கோட்டை’ இதற்குத் தக்க சான்று. மெட்டு ஊரெங்கும் பரவியது. அதை வளர்த்த தெருப் பாடகரின் பெயர் பரவவில்லை. 2006இல் ‘சித்திரம் பேசுதடி’ படத்தில் கானா உலகநாதன் தாமே பாடித் திரையிலும் தோன்றினார். கானாப் பாடகர் ஒருவரின் பெயரும் முகமும் மக்களிடையே பரவலாக நிலைபெற்றது அப்போதுதான் எனலாம். 2012இல் வெளியான ‘அட்டகத்தி’ இவ்வரலாற்றை மேற்குப் புறநகரோடு இணைத்தது. அதன் இயக்குநர் பா. இரஞ்சித் ஆவடியை அடுத்த கரலப்பாக்கத்தில் பிறந்தவர். அதில் கானா பாலா பாடிய பாடல்களுக்கு இசை அமைத்தவர் சந்தோஷ் நாராயணன்.

இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசைக் கலைஞர் டென்மாவும் சேர்ந்து உருவாக்கிய ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ என்னும் குழு, 2018 சனவரி 6ஆம் நாள் சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் முதன்முதலாக மேடையேறியது. கானாப் பாடகரும் ராப் பாடகரும் பறை, சட்டி வாசிப்போரும் ராக் இசைக் கலைஞரும் ஒரே மேடையில் நின்றனர். சாதியற்ற தமிழர் என்னும் அயோத்திதாசப் பண்டிதரின் (1845–1914) கருத்தாக்கத்திலிருந்து குழுவின் பெயர் எடுக்கப்பட்டது. ஆடவரே மிகுதியாகப் பாடிவந்த கானாவைப் பாடிய இசைவாணி என்னும் இராயபுரத்துப் பெண், இக்குழுவின் வழியே புகழ் பெற்றார். 2020இல் பிபிசி நிறுவனத்தின் நூறு பெண்கள் பட்டியலிலும் இடம் பெற்றார்.

ஃபிளீட்வுட் மாக்கோடு ஒப்பிட்டால் இக்குழுவின் தனித்தன்மை விளங்கும். அங்கே, வெளியிலிருந்து வந்தவர்கள் ப்ளூஸைக் கற்றுக்கொண்டு, பின்னர் அதை விட்டு விலகினர். இங்கே, கானாவை வாழ்வாகக் கொண்டவர்களே ராக் இசையைத் தம் பாட்டுக்குத் துணையாக அழைத்துக்கொண்டனர். இடஒதுக்கீடு, உணவு உரிமை, சாதிக் கொடுமை ஆகியவை பாடுபொருளாயின. ஒலிநாடாக் காலத்தில் பாட்டிலிருந்து நீங்கிய தெருவின் பெயரும் மனிதரின் பெயரும் மீண்டும் பாட்டுக்குள் வந்தன.

இக்குழுவின் பாடகர்களுள் ஒருவரான அறிவு, அரக்கோணத்தைச் சேர்ந்தவர். 2019இல் ஆஃப்ரோவுடன் இணைந்து ‘தெருக்குரல்’ என்னும் இசைத்தொகுப்பை வெளியிட்ட அவர், 2021 மார்ச்சில் பாடகி தீயுடன் ‘என்ஜாய் எஞ்சாமி’யைப் பாடினார். தயாரிப்பு, சந்தோஷ் நாராயணன். 1964ஆம் ஆண்டின் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் இலங்கை மலையகத் தமிழர் இலட்சக்கணக்கானோரைத் தமிழகம் திரும்ப வைத்தது. அத்தேயிலைத் தோட்டங்களில் உழைத்து ஊர் திரும்பியவர் அறிவின் பாட்டி வள்ளியம்மாள். நிலமற்ற அத்தலைமுறையின் நினைவும் ஒப்பாரியும் ஆடிப் பாடத்தக்க பாப் பாட்டாகி, இணையத்தில் பல கோடி முறை கேட்கப்பட்டன. ஓர் உழைப்பாளிப் பாட்டியின் பெயர் பாட்டுக்குள்ளேயே நின்றது. சாவு வீட்டுக் கானாவின் பழைய மரபு இது.

எனினும், பாடியவரின் பெயர் பற்றிய வழக்கு அப்போதுதான் எழுந்தது. 2021 ஆகஸ்டில் இசை இதழ் ஒன்றின் அட்டையில் அறிவின் படம் இடம்பெறாததை இரஞ்சித் வெளிப்படையாகக் கண்டித்தார். 2022 சூலையில் சென்னையில் நடந்த சதுரங்க ஒலிம்பியாட் தொடக்க விழாவில் அறிவு இல்லாமலேயே அப்பாடல் பாடப்பட்டது. பாட்டை உருவாக்கியதில் தம் உழைப்பை எடுத்துரைத்து அறிவு அறிக்கை வெளியிட்டார். அவருக்குரிய சிறப்பு எவ்விடத்தும் மறுக்கப்படவில்லை என்று தீயும் சந்தோஷ் நாராயணனும் விளக்கம் அளித்தனர். 2024இல் அப்பாடலால் தங்களுக்கு வருவாய் ஏதும் வரவில்லை என்று சந்தோஷ் நாராயணனே கூறினார். இவ்வழக்கில் தீர்ப்புக் கூறுவது இங்கு நோக்கமன்று. மெட்டு எல்லை கடந்து செல்வது எளிது. பெயர் அதனோடு செல்வதுதான் அரிது என்பதே இதில் கண்டுகொள்ள வேண்டிய செய்தி.

சங்க இலக்கியத்தில் பாணரைப் பற்றிப் புலவர் பாடியவை நூற்றுக்கணக்கில் உள்ளன. பாணர் தாமே யாழ் மீட்டிப் பாடியவை நம்மை வந்தடையவில்லை. எழுத்தறிந்தோரின் ஓலை ஏறியவை நின்றன, ஏறாதவை மறைந்தன. ஆயினும் அத்தொகைகளைத் தொகுத்தோர் ஒரு பெருஞ்செயல் செய்தனர். பாடியவர் பெயர் தெரியாத இடத்தில் பாட்டின் உவமையையும் தொடரையும் கொண்டே செம்புலப்பெயனீரார் என்றும், அணிலாடு முன்றிலார் என்றும், தேய்புரிப் பழங்கயிற்றினார் என்றும் பெயர் படைத்தனர். பாட்டை வைத்துக்கொண்டு பாடியவரை விட்டுவிட அவர்களுக்கு மனம் வரவில்லை. அவர்களிடம் ஒலிப்பதிவுக் கருவி இல்லை. ஓலையும் எழுத்தாணியுமே இருந்தன. இன்று கானாவைப் பதிவு செய்வோரும் தொகுப்போரும் பெயரைத் தேடி அலைய வேண்டியதில்லை. பாடுபவர் எதிரே நிற்கிறார். கேட்டு எழுதிக்கொண்டாலே போதும்.