மருந்துக்கு இட்ட பெயர்

என் தாயாருக்குச் சர்க்கரை வியாதி. மாதம் பிறந்தால் மருந்துக் கடைக்குப் போய் மாத்திரை வாங்கி வருவது என் பொறுப்பு. சென்ற மாதம் டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரை கடையில் இல்லை. "அதே மெட்பார்மின்தான், சார். கம்பெனிதான் வேறு. விலை பாதிகூட இல்லை" என்று கடைக்காரர் வேறோர் அட்டையை எடுத்துக் கொடுத்தார். வீட்டுக்கு வந்து சொன்னேன். அம்மா அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"விலை குறைச்சல்னா குணமும் குறைச்சலாத்தானேடா இருக்கும்?" என்றாள்.

மறுநாள் டாக்டரையே கேட்டேன். "மருந்து ஒன்றுதான். ஆனாலும்..." என்று இழுத்தார்.

அம்மாவின் சந்தேகம் எனக்கு வியப்பளிக்கவில்லை. கத்தரிக்காய் முதல் கல்யாணப் புடவை வரை விலையை வைத்தே தரத்தை அளந்து பழகியவள். படித்துப் பட்டம் பெற்ற டாக்டருக்கு அந்த 'ஆனாலும்' எங்கிருந்து வந்தது? அந்தச் சொல்லுக்கு ஒரு சரித்திரம் உண்டு. அதைத் தேடிப் போனால் நமக்கு அடுத்த வீடான இலங்கையில் போய் நிற்கிறோம்.

ஒரு மருந்துக்கு இரண்டு பெயர்கள். ஒன்று, உலகத்துக்கெல்லாம் பொதுவான பெயர். பாரசிட்டமால் என்பது போல. மற்றொன்று, கம்பெனி தன் சரக்குக்குச் சூட்டிக் கொள்ளும் வியாபாரப் பெயர். பொதுப் பெயர் ஒன்றே ஒன்றுதான். வியாபாரப் பெயர்களோ நூற்றுக்கணக்கில் இருக்கலாம். மருத்துவக் கல்லூரியில் மாணவன் படிப்பது முதல் பெயரை. பட்டம் வாங்கி, கடை திறந்து உட்கார்ந்த பிறகு அவன் நாக்கில் ஏறுவது இரண்டாவது பெயர். நடுவே பாடம் சொல்லிக் கொடுத்தவர் யார்? தோல் பையும் கழுத்துப் பட்டையுமாக வந்து காத்திருக்கும் கம்பெனிப் பிரதிநிதிதான்!

இந்தச் சங்கதியை நன்றாக உணர்ந்தவர் செனக பிபிலே. 1920-ல் பிறந்தவர், இலங்கைப் பல்கலைக் கழகத்தில் மருந்தியல் பேராசிரியர், இடதுசாரி. 1970-ல் சிறிமாவோ பண்டாரநாயக்காவின் கூட்டணி ஆட்சிக்கு வந்தபோது நாட்டில் அந்நியச் செலாவணிக்குப் பெரும் பஞ்சம். மருந்துக்கென்று வெளியே போகும் பணத்தை எப்படிக் குறைப்பது என்று ஆராயும் வேலை பிபிலேயிடமும், டாக்டராகவும் அரசியல் தலைவராகவும் இருந்த எஸ். ஏ. விக்கிரமசிங்கவிடமும் வந்தது. 1971-ல் அவர்கள் கொடுத்த அறிக்கையின் சாரம் இதுதான்: தேவையான மருந்துகளுக்கு ஒரு பட்டியல் போடுங்கள், பொதுப் பெயரில், உலகச் சந்தையில் டெண்டர் விட்டு, மொத்தமாக வாங்குங்கள், வந்த சரக்கைப் பரிசோதியுங்கள். அதே வருஷம் அரசாங்க மருந்துக் கூட்டுத்தாபனம் பிறந்தது. பிபிலே அதன் முதல் தலைவர். தனியார் துறைக்காக இறக்குமதியாகி வந்த ஏறத்தாழ 2,100 மருந்துகள் சுமார் 600 ஆகச் சுருங்கின.

விலை வித்தியாசம் எவ்வளவு இருக்கக்கூடும் என்பதற்கு ஓர் உதாரணம். மனக் கலக்கத்துக்குக் கொடுக்கும் லிப்ரியம் மருந்தின் மூலப்பொருளை ரோஷ் கம்பெனி பிரிட்டனில் கிலோ 370 பவுனுக்கு விற்றது. அதே பொருள் இத்தாலியில் 9 பவுனுக்குக் கிடைத்தது. இதை 1973-ல் அம்பலப்படுத்தியது பிரிட்டிஷ் அரசாங்கம் அமைத்த கமிஷனேதான். பணக்கார தேசத்துக்கே இந்தக் கதி என்றால் ஏழைத் தேசத்தைப் பற்றிச் சொல்ல வேண்டுமா?

அப்படியிருந்தும் இலங்கை டாக்டர்கள் பலர் முகம் சுளித்தார்கள். 'மலிவுச் சரக்கு' என்றார்கள். 'எந்த மருந்தை எழுதுவது என்பது எங்கள் சுதந்திரம்' என்றார்கள். அவர்கள் எல்லாரையும் கம்பெனிகளின் ஆட்கள் என்று தள்ளிவிடுவது எளிது, ஆனால் நியாயமாகாது. 1971-ல் அமெரிக்காவில் ஓர் ஆராய்ச்சி வெளிவந்தது. இருதய நோய்க்கான டிகாக்சின் மாத்திரைகளை எடுத்துக்கொண்டு பார்த்தார்கள். அளவு ஒன்றாகவே இருந்தும், மாத்திரைக்கு மாத்திரை இரத்தத்தில் கலக்கும் அளவு வெகுவாக மாறியது. டாக்டர்களின் பயத்துக்கு இது ஆதாரந்தானே? ஆதாரந்தான். ஆனால் அதே ஆராய்ச்சியில் இன்னொன்றும் தெரிந்தது: ஒரே கம்பெனியின் வெவ்வேறு தயாரிப்புகளுக்குள்ளேயே வித்தியாசம் இருந்தது! ஆகவே பெயரை நம்புவதில் பயனில்லை. பரிசோதனையை நம்ப வேண்டும் என்பதுதான் பாடம். பயம் நியாயமானது; அது பிடித்துக்கொண்ட ஊன்றுகோல்தான் தவறு.

பெயர் மோகத்துக்கு விலை பணம் மட்டும் அல்ல. 1974-ல் இலங்கையில் காலரா பரவியது. டெட்ராசைக்ளின் அவசரமாகத் தேவைப்பட்டது. கூட்டுத்தாபனம் வேறொரு கம்பெனியிடம் வாங்கிய மூலப்பொருளைக் கொடுத்து, உள்ளூரிலிருந்த பைசர் தொழிற்சாலையில் மாத்திரை போட்டுத் தரும்படி கேட்டது. பைசர் மறுத்துவிட்டது. அதிகச் செலவில் ஆகாய விமானத்தில் மாத்திரைகள் தருவிக்கப்பட்டன. சஞ்சய லால் என்ற பொருளாதார அறிஞரும் பிபிலேயும் சேர்ந்து எழுதிய கட்டுரையில் இந்த விவரம் இருக்கிறது. காலரா நோயாளிக்கு ஒரு நாள் என்பது எவ்வளவு நீளம் என்று வாசகர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

1977 செப்டம்பரில், தென் அமெரிக்காவின் கயானாவில், ஐ.நா. பணியில் இருந்தபோது பிபிலே காலமானார். வயது ஐம்பத்தேழு. அவர் நாட்டில் ஆட்சி மாறி, கூட்டுத்தாபனத்தின் தனியுரிமையும் போயிற்று. ஆனால் அதே 1977-ல் உலக சுகாதார ஸ்தாபனம் அத்தியாவசிய மருந்துகளின் முதல் பட்டியலை வெளியிட்டது. சுமார் இருநூறு மருந்துகள். எல்லாம் பொதுப் பெயரில்! 1982-ல் வங்காள தேசம் பயனற்றவை, தீங்கானவை என்று ஏறத்தாழ 1,700 மருந்துகளை விலக்கிற்று. அங்கேயும் முதலில் எதிர்த்து நின்றவர்களில் நாட்டின் மருத்துவ சங்கம் இருந்தது. 'ஆனாலும்' என்ற சொல்லுக்கு எல்லைக் கோடுகள் கிடையாது போலும்.

நேற்று அம்மா அந்த மலிவு மாத்திரையை விழுங்கிவிட்டு, "இதுவும் அதே மாதிரி தொண்டையிலே நிக்கறதுடா" என்றாள். அவள் வாயிலிருந்து வந்த முதல் நற்சான்று அது. இரண்டு மாதம் கழித்து இரத்தப் பரிசோதனை இருக்கிறது. தீர்ப்பு அந்தக் காகிதத்தில் இருக்கும்; அட்டையின் மேல் அச்சடித்த பெயரில் இராது.