செத்தால்தான் சக்தியா? கொல்லிப்பாவையும் மணிமேகலையும்

போன மாசம் அக்கா குடும்பத்தோட கொல்லிமலை போயிருந்தேன். காரவள்ளியில ஆரம்பிச்சு 70 கொண்டை ஊசி வளைவு. எனக்கு பத்தாவது வளைவுலயே வயித்தைப் புரட்ட ஆரம்பிச்சாச்சு. பக்கத்து சீட்ல அக்கா பொண்ணு ஹாயா ஒரு இங்கிலீஷ் நாவல் படிச்சிட்டு வர்றா.

"என்னம்மா கதை?"

"கார் மெக்கானிக் மாமா. நினைச்சா நரி மாதிரி உருவம் மாறிடுவா. பக்கத்து வீட்டுக்காரன் ஓநாய் மனுஷன்."

ஹூம். இதைப் படிக்கத்தான் எஞ்சினியரிங் படிக்க வச்சோமா என்று வாய் வரைக்கும் வந்ததை முழுங்கிட்டு, "இதுல என்ன அவ்ளோ பிடிச்சிருக்கு?" என்று மட்டும் கேட்டேன்.

"ராத்திரி பன்னெண்டு மணிக்கு ஊருக்குள்ள தனியா நடந்து போறா மாமா. பயப்படறது எதிர்ல வர்றவன்."

சென்னையில நைட் ஷிப்ட் முடிச்சு கேப்ல வீட்டுக்குப் போற பொண்ணு. ஏறினதும் வண்டி நம்பரை அவங்கம்மாவுக்கு அனுப்பணும், இறங்கினதும் "வந்துட்டேன்" என்று ஒரு மெசேஜ். அந்த பதிலுக்கு மேல நான் எதுவும் பேசல. ஊர் வந்து சேர்ந்த பிறகும் அது மண்டைக்குள்ளயே ஓடிக்கிட்டு இருந்தது. அதான் இந்தப் பதிவு.

அவள் படித்தது பெட்ரீஷியா பிரிக்ஸ் எழுதும் மெர்சி தாம்சன் வரிசை. முதல் நாவல் வந்தது 2006-ல். இந்த வகைக்கு 'அர்பன் ஃபேன்டசி' என்று பேர். மாயம் மந்திரமெல்லாம் ராஜா காலத்துக் கோட்டையில் நடக்காது. டிராபிக், வாடகை வீடு, வேலை எல்லாம் இருக்கிற இன்றைய நகரத்தில் நடக்கும். எம்மா புல் 1987-லேயே மின்னியாபொலிஸ் நகரத்தில் ஒரு ராக் பாடகியை தேவதைகளின் யுத்தத்துக்குள் இழுத்துவிட்டார். 1993-ல் லாரல் ஹாமில்டனின் அனிதா பிளேக் வந்தாள். செத்தவர்களை எழுப்புவதுதான் அவளுக்கு மாசச் சம்பள வேலை! 1997-ல் டிவியில் 'பஃபி' வந்த பிறகு இது பெரிய அலையே ஆகிவிட்டது.

சரி, இதெல்லாம் அமெரிக்காக்காரன் சரக்கு, நமக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்களுக்காகத்தான் கொல்லிமலையிலிருந்து ஆரம்பித்தேன். தமிழில் மானுடம் தாண்டிய பெண்களைத் தேடினால் முதல் வரிசையிலேயே நிற்கிறவள் இந்த மலைக்காரி. கொல்லிப்பாவை.

குறுந்தொகை, நற்றிணை, அகநானூறு மூன்றிலும் அவள் வருகிறாள். பரணர் பாடியிருக்கிறார், கபிலர் பாடியிருக்கிறார். தெய்வம் எழுதியது என்று ஒரு பாட்டு, பூதம் செய்து வைத்தது என்று இன்னொரு பாட்டு. காற்றடித்தாலும் இடி விழுந்தாலும் நிலமே நடுங்கினாலும் அவள் அழகு குலையாதாம். ஆனால் கவனித்துப் பாருங்கள், பெரும்பாலும் அவள் வருவது உவமையாகத்தான். தலைவன் தன் காதலியைப் பார்த்து 'கொல்லிப்பாவை மாதிரி இருக்கா' என்பான். நற்றிணை 185-ல் ஒருத்தன், அந்தப் பாவை மாதிரி இருக்கிறவள் என்னைக் கொல்லத் திட்டம் போட்டுவிட்டாள் என்று புலம்புகிறான். வழக்கமான காதல் புலம்பல்தான். சிரித்து மயக்கி அசுரர்களைக் கொல்லும் பாவை என்கிற கதை பிற்காலத்தில் வளர்ந்து நின்றது.

இதில் அவளுடைய ஆசை என்ன? ஒன்றுமில்லை. யாரோ செய்தார்கள், யாரோ நிறுத்தினார்கள். மலைக்கு மட்டும் சொந்தக்காரர்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள். வல்வில் ஓரியைக் கொன்று கொல்லியைச் சேரனுக்குக் கொடுத்தான் மலையமான் காரி என்கிறது அகநானூறு 209. பாவை வாயே திறக்கவில்லை.

அடுத்தவள் பழையனூர் நீலி. திருவாலங்காடு பக்கத்து ஊர். கட்டினவனே கொன்றுவிட, பேயாக வந்து பழி தீர்க்கிறாள். அவளை நம்பி அவனுக்கு உயிர்ப்பிணை நின்ற 70 வேளாளர்கள் சொன்ன சொல் காக்கத் தீயில் இறங்குகிறார்கள். நீலிக்குச் சக்தி இருக்கிறது, கோபம் இருக்கிறது, வாயும் இருக்கிறது. ஆனால் அதற்கு அவள் முதலில் சாக வேண்டியிருந்தது.

இந்த ஃபார்முலாவை நாம் இன்னும் விடவில்லை. 'அரண்மனை' (2014) வரைக்கும் வந்து பாருங்கள். நல்ல பொண்ணு, அநியாயமாகச் சாவாள், பேயாக வந்து ஒவ்வொருத்தனாகப் போட்டுத் தள்ளுவாள், கடைசியில் சாமி வந்து அடக்கும். தியேட்டரில் கை தட்டிவிட்டு வருவோம். உயிரோடு இருந்தபோது அவள் கையில் என்ன இருந்தது என்று யாரும் கேட்பதில்லை. பெண்ணுக்குச் சக்தி வேண்டுமென்றால் சாவுதான் நுழைவுக் கட்டணம் போல.

இந்த இடத்தில்தான் சீத்தலைச் சாத்தனார் என்னை அசர வைத்தார். மணிமேகலையைப் பள்ளிக்கூடத்தில் 'பௌத்த காப்பியம், அமுதசுரபி, ரெண்டு மார்க்' என்று படித்து முடித்துவிட்டோம். அக்கா பொண்ணு சொன்னதை மனசில் வைத்துக்கொண்டு மறுபடி எடுத்தால் வேற கதை தெரிகிறது.

இடம் காவிரிப்பூம்பட்டினம். பூம்புகார். துறைமுகம், திருவிழா, சிறைச்சாலை, சுடுகாடு எல்லாம் இருக்கிற நிஜமான நகரம். பூப்பறிக்கப் போன பெண்ணை இளவரசன் உதயகுமாரன் துரத்திக்கொண்டு வருகிறான். அவள் பளிங்கு அறைக்குள் ஒளிந்துகொள்கிறாள். தெய்வம் அவளைத் தூக்கிக்கொண்டு போய் மணிபல்லவத் தீவில் விட்டு மூன்று மந்திரம் சொல்லிக் கொடுக்கிறது. வானத்தில் பறக்க ஒன்று. வேற்று உருவம் எடுக்க ஒன்று. பசி தாங்க ஒன்று.

இந்த மூன்றையும் அப்படியே பாருங்க. தப்பிக்கணும், அடையாளம் தெரியக்கூடாது, யார் கையையும் எதிர்பார்க்காமல் இருக்கணும். ஒரு ஊரில் தனியாக வாழ நினைக்கிற பொண்ணுக்கு வேறென்ன வேணும்? சாத்தனார் லிஸ்ட் போட்ட மாதிரி இருக்கிறது.

எல்லாவற்றையும் அவள் சாகாமலேயே வாங்கிக்கொள்கிறாள். வாங்கிக்கொண்டு நேரே அதே ஊருக்குத் திரும்புகிறாள். பழி வாங்கவா? சோறு போட! இளவரசன் தொல்லைக்காகக் காயசண்டிகை என்ற வித்யாதரப் பெண்ணின் உருவத்தை எடுத்துக்கொண்டு, சிறைக்குள் போய்க் கைதிகளுக்கு அன்னமிடுகிறாள். ராஜாவிடம் பேசி அந்தச் சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாகவே மாற்ற வைக்கிறாள்.

சக்தி இருந்தால் எல்லாம் சுபம் என்றும் சாத்தனார் விடுவதில்லை. வந்திருப்பது தன் மனைவி என்று நம்பிய காயசண்டிகையின் கணவன், நடுராத்திரி அவளைத் தேடி வந்த உதயகுமாரனை வெட்டிவிடுகிறான். அவள் எடுத்த வேஷமே ஒரு உயிரைக் குடித்துவிட்டது. அவள் உடைந்து அழுகிறாள். மகனை இழந்த ராணி அவளைச் சும்மா விடுவாளா? பித்தாக்க மருந்து கொடுத்துப் பார்க்கிறாள், ஒரு இளைஞனை ஏவிப் பார்க்கிறாள், சோறு தராமல் அடைத்து வைக்கிறாள். அவள் ஆண் உருவம் எடுத்து நிற்க, வந்த இளைஞன் ஓடிப் போகிறான். பசிக்குத்தான் மந்திரம் இருக்கிறதே!

உ.வே.சா. இதை 1898-ல் அச்சில் கொண்டுவந்தார். மெர்சி தாம்சன் வருவதற்கு 108 வருஷம் முன்னால். காப்பியத்தின் வயசு ஆயிரம் வருஷத்துக்கு மேல். இது அர்பன் ஃபேன்டசி இல்லாமல் வேறென்ன? (தமிழாசிரியர்கள் அடிக்க வராதீங்க. தத்துவ விசாரமெல்லாம் இருக்கு, மறுக்கல :))

நீலியையும் அப்படியே விட்டுவிடவில்லை நம்ம ஆட்கள். 'நீலகேசி' காப்பியத்தில் முனிவரைப் பயமுறுத்த அனுப்பப்படும் அதே பழையனூர்ப் பேய், அவர் அசையாததைக் கண்டு சமணம் தழுவி, ஊர் ஊராகப் போய் வாதம் செய்து ஜெயிக்கிறாள். பேயாக வந்தவள் தர்க்கம் பேசும் அறிவாளி ஆகிவிட்டாள். 2025-ல் மலையாளத்தில் வந்த 'லோகா' படம், நாகர்கோவில் பக்கத்துக் கள்ளியங்காட்டு நீலியை இன்றைய பெங்களூரில் நடமாட விட்டதும் சக்கைப்போடு போட்டது. தியேட்டரில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பொண்ணுங்க போட்ட விசிலை நான் கேட்டேன். பேய்ப்படத்துக்கு அப்படி விசில் வராது.

மறுபடி மலைக்கு வருகிறேன். கொல்லிமலையை நாடு நாடாகப் பிரித்திருக்கிறார்கள். வளப்பூர் நாடு, வாழவந்தி நாடு, சேலூர் நாடு... அதில் ஒன்று பைல் நாடு. ("எந்த ஆபீஸ் பைல் மாமா?" என்றாள். கடிக்கிறதுல என் வாரிசு.) அங்கே ரோட்டோரம் பலாப்பழம் வைத்திருந்த ஒரு வயசான அம்மாவிடம், கொல்லிப்பாவை எங்கே இருக்கிறாள் என்று கேட்டேன். எட்டுக்கை அம்மன்தான் அவள் என்று கை காட்டினார்.

அக்கா பொண்ணு குறுக்கே புகுந்தாள். "அவ சிரிச்சா செத்துருவாங்களாமே, உங்களுக்கு பயமா இல்லையா ஆயா?"

"சிரிச்சா சாவறவன் ஆம்பளதான கண்ணு? நமக்கென்ன பயம்? நான் பாட்டுக்கு இருட்டுல தனியாத்தான் வீட்டுக்குப் போறேன். அவ இருக்கா இல்ல?"

பரணரும் கபிலரும் அவளைக் கீழேயிருந்து பார்த்தார்கள். இந்த அம்மா கூடவே நடந்து போகிறார்.

திரும்பி இறங்கும்போதும் அவள் புத்தகத்தை எடுத்தாள். இந்தத் தடவை நான் ஒன்றும் கேட்கல. வீட்டுக்கு வந்து உரையோடு இருந்த என் மணிமேகலையைக் கொடுத்தேன். நாலு நாள் கழித்து ராத்திரி ஒன்றரை மணிக்கு மெசேஜ். "மாமா, வீட்டுக்கு வந்துட்டேன். அம்மா தூங்கியிருப்பாங்க, அதான் உங்களுக்கு. அந்த ரெண்டாவது மந்திரம் மட்டும் கிடைச்சா நல்லாருக்கும்."

டிஸ்கி: உங்க வீட்டுப் பொண்ணுங்க படிக்கிற 'உருப்படாத' புத்தகம் எதுன்னு பின்னூட்டத்துல சொல்லிட்டுப் போங்க மக்களே. முடிஞ்சா ஏன் பிடிக்கும்னும் கேட்டு எழுதுங்க.