பிஞ்ஞாணமும் ஏழு மணியும்

திருவனந்தபுரம் கரமனையில் தமிழ் வீட்டில் பீங்கான் என்பதை அடுத்த மலையாள வீட்டில் பிஞ்ஞாணம் என்பார்கள். இரண்டும் ஒரே சொல்தான்: பாரசீகத்துப் ‘பிங்கான்’. அங்கே அது கிண்ணத்தின் பெயர். ஈரானில் வயலுக்கு நீர் பங்கிட்டவர்கள், அடியில் சிறு துளையிட்ட செம்புக் கிண்ணத்தைத் தண்ணீரில் மிதக்கவிடுவார்கள். அது நிரம்பி மூழ்கினால் ஒரு அளவு நேரம் கழிந்தது என்று கணக்கு. நம் நாழிகை வட்டிலேதான். அதற்கும் பிங்கான் என்றே பெயர்.

அரபியில் பகரம் இல்லை. அங்கே அது ‘ஃபிஞ்சான்’ ஆகி, காப்பிக் கோப்பையைக் குறித்தது. சிங்களத்தில் ‘பிங்கான’, மலாயில் ‘பிங்கான்’. இரண்டிடத்தும் தட்டு என்று பொருள். கப்பல் தொட்ட துறைகளிலெல்லாம் சொல்லும் இறங்கியிருக்கிறது. தமிழில் அது பாத்திரத்தை விட்டு, அதைச் செய்த பொருளுக்கே தாவிவிட்டது. அதனால்தான் பீங்கான் தட்டு, பீங்கான் கோப்பை என்கிறோம்.

செய்த நாட்டை மறக்காத சொல் ‘சீனப் பரணி’. பத்மநாபபுரம் அரண்மனையிலும் பெரிய சீனச் சாடிகள் உண்டு. சீனச்சட்டி, சீனவலை என்று இந்த அடைமொழி தெற்கே நன்றாக வேர்விட்டது.

ஜப்பானுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. அரிட்டாவில் சுட்டு, இமாரித் துறையில் ஏற்றிய பூச்சாடியையும் சீனம் என்றே சொல்லிவிடுகிறோம். அதைவிடப் பெரிய பிழை, ஜப்பானின் கம்பி இழைத்த எனாமல் சாடியைப் பீங்கான் என்பது. அதன் உடல் பெரும்பாலும் செம்பு. வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள்: சாடியிலுள்ள கொக்கின் ஒவ்வோர் இறகைச் சுற்றியும் மயிரிழைபோல் கம்பி ஓடும். கம்பிகளின் இடையே வண்ணக் கண்ணாடிப் பொடியை நிரப்பி, சூளையில் உருக்கி, வழவழவென்று தேய்த்திருப்பார்கள். 1830களில் ஓவாரி நாட்டுக் காஜி ட்ஸுனேகிச்சி இந்த வேலைக்கு மறுவாழ்வு கொடுத்தார்.

இடையில் நிற்கும் கம்பித் தடுப்பைப் பார்த்துப் பிரெஞ்சுக்காரர் ‘க்ளுவாசொனே’ என்றார்கள். சீனர், மிங் பேரரசர் ஜிங்தாயின் (1450–1457) ஆட்சிப் பெயரைச் சேர்த்து ‘ஜிங்தாய் நீலம்’ என்றார்கள். ஜப்பானியர் வைத்த பெயர் ‘ஷிப்போ’. ஏழு மணிகள் என்று பொருள். பொன், வெள்ளி, வைடூரியம் என்று பௌத்த நூல்கள் அடுக்கும் சப்தரத்தினமே அது. இந்தியாவில் பிறந்து, சீனம் வழியே ஜப்பான் சேர்ந்த பெயர். பிங்கான் நம்மிடம் வந்தது. இது நம்மிடமிருந்து போனது.

பழம்பொருள் விற்பவர்களும் காட்சிக்கூடத்தில் பெயர்ச்சீட்டு எழுதுபவர்களும் இந்தச் சாடிக்குப் பீங்கான் என்று எழுத வேண்டாம். ஷிப்போ என்றே எழுதுங்கள். பக்கத்தில் சப்தரத்தினம் என்றும் சேருங்கள்.