கிராமத் தொண்டு நிறுவனங்களும் நன்கொடை மானியமும் (இந்தியா)

நன்கொடை மானியம் என்பது, திருப்பித் தரவேண்டிய கடமையின்றி, குறிப்பிட்ட ஒரு காரியத்துக்காகக் குறிப்பிட்ட காலத்துக்குள் செலவிட்டுக் கணக்குக் காட்டவேண்டும் என்ற நிபந்தனையின் பேரில், சர்க்காரோ அறக்கட்டளையோ கம்பெனியோ ஒரு தொண்டு ஸ்தாபனத்துக்கு வழங்கும் பணமாகும். வழங்குவோர் பெரும்பாலும் டில்லி, மும்பை, பெங்களூர் முதலிய நகரங்களிலும், வேண்டுவோரில் மிகப் பலர் நாளுக்கு இரண்டு வேளை மட்டுமே பஸ் வந்துபோகும் ஊர்களிலும் இருப்பதால், இவ்விரு சாராரையும் ஒருவரோடொருவர் சேர்த்துவைக்கும் பணி நாளடைவில் தனியொரு துறையாகவே வளர்ந்துவிட்டது. அத்துறையின் கதை பெரும்பகுதி காகிதத்தின் கதையே.

சுதந்திரம் வந்த புதிதில், காகிதம் செய்யவேண்டிய வேலையை நேரடி அறிமுகமே செய்தது. 1947-இல் சின்னாளப்பட்டிக்கு அருகே காந்திகிராமத்தை நிறுவிய டாக்டர் சௌந்தரமும் ஜி. ராமச்சந்திரனும் காந்தியடிகளின் நேரடிப் பழக்கம் வாய்த்தவர்கள். சௌந்தரமோ தொழிலதிபர் டி. வி. சுந்தரம் அய்யங்காரின் புதல்வி. ஆகவே, நேருவின் அழைப்பை ஏற்று 1952-இல் டில்லியில் அலுவலகம் திறந்த ஃபோர்டு ஃபவுண்டேஷன், அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் காந்திகிராமத்தை அடுத்த ஆத்தூர் வட்டாரத்தில் நடந்த முன்னோடிச் சுகாதாரத் திட்டத்துக்கு உதவ முன்வந்ததில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. அத்தகைய செல்வாக்கில்லாத சிறு சங்கங்களுக்கு வாசலாக அமைந்தது, துர்காபாய் தேஷ்முக்கைத் தலைவராகக் கொண்டு 1953 ஆகஸ்டில் தோன்றிய மத்திய சமூகநல வாரியம். பின்னர், கிராம முன்னேற்றத்தில் ஈடுபட்ட தொண்டு நிறுவனங்களுக்கென்றே, முன்பிருந்த இரண்டு அமைப்புகளை ஒன்றாக்கி, 1986-இல் மத்திய சர்க்கார் 'கபார்ட்' என்னும் மன்றத்தை ஏற்படுத்திற்று. அம்மன்றத்தின் உதவி பல மூலைகளுக்குச் சென்றது மெய். கணக்குச் சரியில்லை என்று அது கறுப்புப் பட்டியலில் சேர்த்த நிறுவனங்களும் பல நூறு. அவற்றுள் கையாடியவை எத்தனை, கணக்கெழுதத் தெரியாமல் அகப்பட்டுக்கொண்டவை எத்தனை என்பதை அப்பட்டியல் பிரித்துச் சொல்லவில்லை.

கணக்கெழுதத் தெரியாத இக்குறையின் வேர் எங்கே இருக்கிறது என்பதைக் கண்டுகொண்டவர்கள், என் அபிப்பிராயத்தில், 1983-இல் 'பிரதான்' அமைப்பைத் தொடங்கிய தீப் ஜோஷியும் விஜய் மகாஜனும் ஆவர். பணத்தைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதைவிட ஆளைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதே முதற்காரியம் என்று கருதிய அவர்கள், உயர்கல்வி பெற்ற இளைஞர்களைத் தேர்ந்து, சிறிய தொண்டு நிறுவனங்களிலேயே தங்கி உழைக்குமாறு அனுப்பிவைத்தார்கள். மதுரையில் எம். பி. வாசிமலை 1997-இல் அமைத்த தானம் அறக்கட்டளை இந்தப் பிரதானிலிருந்து கிளைத்ததே.

ஆள் ஏன் வேண்டும் என்பதை உணர, சிறியதொரு டிரஸ்டின் மர பீரோவைத் திறந்து பார்த்தால் போதும். பதிவுப் பத்திரம், வருமானவரித் துறை அளிக்கும் இரண்டு சான்றுகள் (தொண்டு வட்டாரத்தில் '12ஏ', '80ஜி' என்றே பேச்சு), மூன்றாண்டுத் தணிக்கை அறிக்கைகள், நிதி ஆயோக்கின் 'தர்ப்பண்' தளத்தில் பெற்ற எண், கம்பெனிப் பணம் பெறவேண்டுமானால் 2021 ஏப்ரல் முதல் கட்டாயமான 'சி.எஸ்.ஆர்.-1' பதிவு, சர்க்கார் பணமானால் 'யூ.சி.' எனப்படும் பயன்பாட்டுச் சான்றிதழ் ஆகிய அத்தனையும் அங்கே அடுக்கப்பட்டிருக்கவேண்டும். இவற்றுக்கு மேல், 'புரொபோசல்' என்ற திட்ட வரைவை ஆங்கிலத்தில், பயன் இவ்வளவு, அளவுகோல் இன்னது என்று கட்டங்களுக்குள் எழுதியாகவேண்டும். கைம்பெண்கள் பத்துப் பேருக்கு வெள்ளாட்டுக் குட்டி வாங்கித் தருவது என்ற எளிய காரியத்தை எடுத்துக்கொள்வோம். விடியற்காலைச் சந்தையில், துண்டுக்கடியில் விரல்பிடித்து விலைபேசி ஆடு விற்பவரிடம் ரசீதுப் புத்தகம் ஏது? ஊழியரே வவுச்சர் எழுதி, தொகை 5,000 ரூபாயைத் தாண்டினால் ஒரு ரூபாய் ரெவின்யூ ஸ்டாம்பு ஒட்டி, விற்றவரின் கைந்நாட்டை அதன்மேல் வாங்கிக்கொள்ளவேண்டும். ஸ்டாம்பு எடுத்துப்போக மறந்தால், ஆடு ஊருக்கு வந்து குட்டியும் போட்ட பிறகு, ஆடிட்டர் மேஜையில் அந்தச் செலவு கேள்விக்குறியோடு நிற்கும்.

2013-ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டத்தின் 135-ஆம் பிரிவு இத்துறையில் புதியதோர் ஊற்றைத் திறந்தது. நிகர மதிப்பு 500 கோடி, விற்றுமுதல் 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி ரூபாய் ஆகிய மூன்றில் ஒன்றை எட்டிய கம்பெனி, முந்திய மூன்றாண்டுச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிடவேண்டும் என்று அது விதித்தது. ஆனால், கம்பெனி இயங்கும் சுற்றுவட்டாரத்துக்கு முன்னுரிமை தருமாறு அதே பிரிவு கூறுவதால், புகைபோக்கி தெரியாத கிராமத்துக்கு அந்த ஊற்றின் ஈரம் எளிதில் எட்டுவதில்லை. மாநிலங்களுள் மகாராஷ்டிரமே அப்பணத்தை மிகுதியாகப் பெற்றுவருவதற்கு இதுவும் ஒரு காரணம். பங்குச்சந்தைகளைக் கண்காணிக்கும் செபியின் ஏற்பாட்டில், தொண்டு நிறுவனங்கள் நிதி திரட்டுவதற்கென உருவான சமூகப் பங்குச்சந்தையும் அத்தகையதே: பதிவுசெய்ய விரும்பும் நிறுவனம், முந்திய நிதியாண்டில் 50 லட்சம் ரூபாயாவது செலவிட்டிருக்கவேண்டும்.

அயல்நாட்டு நிதியைப் பொறுத்தவரை, 1976-இல் முதலில் வந்து, 2010-இல் புதிதாக இயற்றப்பட்ட எஃப்.சி.ஆர்.ஏ. எனப்படும் அயல்நாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டமே ஆட்சிசெய்கிறது. பதிவு பெற்ற பெரிய நிறுவனமொன்று அயல்நாட்டிலிருந்து மொத்தமாகப் பணம் வாங்கி, பதிவு பெற்ற சிறு நிறுவனங்களுக்குப் பகிர்ந்துகொடுத்து, அவற்றுக்குக் கணக்கும் கற்பித்து, தானே அறிக்கையைத் தொகுத்தனுப்பும் வழக்கம் நெடுங்காலம் நிலவிற்று. ஆங்கிலம் அறியாத கிராம ஊழியருக்கு அது பெரிய ஆதரவு. 2020 செப்டம்பரில் வந்த திருத்தம் இப்பகிர்வை அடியோடு தடுத்ததோடு, எந்த ஊர் டிரஸ்டானாலும் அயல்நாட்டுப் பணத்தை முதலில் டில்லி ஸ்டேட் பாங்கின் தலைமைக் கிளைக் கணக்கிலேயே பெறவேண்டும் என்றும் விதித்தது. சுப்ரீம் கோர்ட்டு 2022 ஏப்ரலில் இத்திருத்தத்தைச் செல்லுபடியாக்கிற்று. பாங்குக் கணக்கை உள்ளூர்க் கிளை வழியே திறந்துகொள்ளலாமாதலால் அச்சங்கடம் அவ்வளவு பெரிதன்று; பகிர்வு நின்றதே பேரிழப்பு.

அதே திருத்தம் நிர்வாகச் செலவின் உச்சவரம்பை 50 சதவீதத்திலிருந்து 20 சதவீதமாகக் குறைத்தது. நிதிக்குக் கணக்கு வைப்பதற்கு ஆகும் செலவும் நிர்வாகச் செலவே என்பது விதி. ஆகவே சந்தையில் வாங்கிய ஆட்டின் விலை திட்டச் செலவில் சேரும். அதற்கான வவுச்சரைப் பேரேட்டில் ஏற்றும் கணக்கரின் சம்பளமோ அந்த 20-க்குள் அடங்கியாகவேண்டும்.